விடுமுறை முடிந்து யார் வரவில்லை?

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் கல்லூரி மாணவி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட்ட அக்கா 'கல்வியும் சமூகநீதியும்' என்று தலைப்பு கொடுத்தார். இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தேன். அந்தத் தலைப்பில் என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இங்கே முன்வரிசையிலேயே இருக்கிறீர்கள். அதனால், "அக்கா, எனக்குத் தெரிந்த சின்ன விஷயம் ஒன்றை மட்டும் பேசிக்கொள்கிறேன்" என்று கேட்டேன். சரி என்றார். விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கிறது இல்லையா, அந்த முதல் வாரம். அதைப் பற்றி மட்டும்தான் பேசப் போகிறேன்.

நான் தர்மபுரி மாவட்டம், அரூர் பக்கம் ஒரு கிராமம். அரசு கலைக் கல்லூரியில் வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா இல்லை. அம்மா நூறு நாள் வேலைக்குப் போவார். அது இல்லாத நாளில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போவார். எங்கள் தெருவில் கல்லூரி வரைக்கும் வந்த பெண்கள் என்னையும் சேர்த்து நான்கு பேர். அதில் ஒருவர் முடித்தார். இரண்டு பேர் நடுவில் நின்றுவிட்டார்கள். நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

தேர்வு முடிந்த மறுநாளே நான் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிடுவேன். மூன்று வருடமாக என் கோடை விடுமுறை அங்கேதான். பனியன் கம்பெனியில், தைத்து வருகிற டி-சர்ட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறை வெட்டுகிற வேலை. காலை எட்டரை மணிக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே வரலாம். அதற்கு ஒன்றரை ஷிப்ட் என்று பெயர். எங்கள் கல்லூரியிலும் காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் என்று இரண்டு உண்டு. இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான் என்பது எனக்கு இந்த வருடம்தான் உறைத்தது.

இந்த முறை நாற்பது நாள் வேலை பார்த்தேன். ரூம் வாடகை, சாப்பாடு போகக் கையில் மிஞ்சியது 13,000 ரூபாய். அதில் 7,000 அம்மாவின் குழுக் கடனுக்குப் போனது. மிச்சத்தில் செருப்பு, பை, நோட்டு, விடுதிக்கு ஒரு பக்கெட், ஒரு பாய். கிளம்புகிற அன்றைக்குச் சம்பளம் எண்ணிக் கொடுத்த சூப்பர்வைசர் அண்ணன், "ஏங்கண்ணு, படிச்சு முடிச்சாலும் இங்கதான வரப்போற? இப்பவே இருந்துட்டா டெய்லராயிடலாமல்ல" என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. டெய்லர் ஆனால் சம்பளம் கூடும், அதுவும் உண்மைதான். அன்றைக்கு அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் சேலம் வரைக்கும் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

கல்லூரி ஜூன் மாதம் திறந்தது. முதல் நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஐந்து மணிக்கு உடம்பு தானாக எழுந்துவிடும், கம்பெனிப் பழக்கம். வகுப்பில் உட்கார்ந்தால் காதுக்குள் மெஷின் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். நாற்பது நாள் கத்தரி பிடித்த விரலில் பேனா நிற்காது. ஒரு பக்கம் எழுதுவதற்குள் கட்டைவிரல் மரத்துப் போகும். மூன்று மணிக்குக் கண் சொருகும். அது பாடம் பிடிக்காததால் வருகிற தூக்கம் கிடையாது. பதினொரு மணிக்கு டீ, ஒரு மணிக்குச் சோறு, நான்கு மணிக்கு டீ என்று உடம்பு கற்றுக்கொண்ட கால அட்டவணை வேறு. அது மறுபடி மாணவியின் உடம்பாக மாற ஒரு வாரம் ஆகும். சில பேருக்கு ஒரு மாதம் ஆகும்.

அந்த ஒரு வாரத்தில்தான் விடுதியும் இருக்காது. கல்லூரி திறந்த அன்றைக்கே விடுதி திறந்துவிடும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். எங்களுக்கு ஒவ்வொரு வருடமும் விண்ணப்பம் புதிதாகப் போட வேண்டும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகம், ஆதார் எல்லாம் நகல் எடுத்துத் தர வேண்டும். பட்டியல் வரும்வரை அடுப்பு எரியாது. முதல் வருடமும் அப்படித்தான், இரண்டாம் வருடமும் அப்படித்தான். அரசு கல்லூரி விடுதி மாணவர்களுக்கான உணவுப்படியை மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தியது. ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அந்த ஐம்பது ரூபாய் எங்களுக்கு மிக அவசியமாக இருப்பது கல்லூரி திறந்த முதல் பத்து நாளில்தான். அப்போதுதான் அது இல்லை.

ஊரிலிருந்து தினமும் வந்து போகலாமே என்று கேட்கலாம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதனால்தான் எங்களில் பல பேர் படிக்கிறோம். ஆனால் திருப்பூரிலிருந்து அரூருக்கு டவுன் பஸ் கிடையாது. மலைக் கிராமங்களுக்கு இருக்கிற பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய வகுப்பும் போனது. இது பெரிய அநியாயமாக யாருக்கும் தெரியாது. பத்திரிகையில் செய்தி வராது. ஒரு பஸ், ஒரு விடுதி, ஒரு சான்றிதழ், அவ்வளவுதான். ஆனால் என் கண்முன்னால் படிப்பை விட்டவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் விட்டார்கள். தேர்வில் தோற்று விட்டவர்களைவிட, விடுமுறையில் போய்த் திரும்பி வராதவர்கள்தான் அதிகம்.

அப்படி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல மாட்டேன். சித்தேரி மலையில் ஒரு ஊர். முதல் வருடம் என் பக்கத்து இடம் அவளுக்கு. என்னைவிட நன்றாகப் படிப்பாள். கல்வெட்டுப் பாடம் நடத்தினால் நான் தூங்கிவிடுவேன், அவள் நோட்டில் எழுத்தை எல்லாம் வரைந்து வைத்திருப்பாள். முதல் வருட விடுமுறையில் அவளும் அக்கா வீட்டில் தங்கித் திருப்பூரில் வேலைக்குப் போனாள். கல்லூரி திறந்தது, அவள் வரவில்லை. முதல் நாள் ஆசிரியர் பெயர் வாசித்தார், பதில் இல்லை. இரண்டாம் நாள், மூன்றாம் நாள். ஒரு மாதம் கழித்து அந்தப் பெயரை வாசிப்பதையே நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்தில் வேறு ஒருவர் உட்கார்ந்தார்.

நான் அவளுக்குப் போன் பண்ணவில்லை.

அதற்குக் காரணம் நிறைய வைத்திருந்தேன். விடுதி திறக்காததால் ஒரு அக்காவின் அறையில் ஒண்டிக்கொண்டிருந்தேன். போனில் ரீசார்ஜ் இல்லை. அவள் எண் மாறியிருக்கும். இதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டது. உண்மையான காரணம் வேறு. எனக்குப் பயமாக இருந்தது. அவளிடம் பேசினால், "எதுக்குடி இந்தக் கஷ்டம், நீயும் இங்க வந்துடு" என்று சொல்லிவிடுவாளோ, நானும் சரி என்று கிளம்பிவிடுவேனோ என்று பயம். கரையில் காலை ஊன்றி நிற்பதற்கே எனக்குப் பலம் போதவில்லை. இன்னொருத்திக்குக் கை நீட்டினால் நானும் விழுந்துவிடுவேன் என்று நினைத்தேன்.

இந்த மே மாதம் திருப்பூரில், ஒரு டீக்கடை முன்னால் அவளைப் பார்த்தேன். நல்லா இருக்கிறாள். சிரித்தாள், கையைப் பிடித்துக்கொண்டாள், டீ வாங்கிக் கொடுத்தாள். வீட்டைப் பற்றி எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் சாதாரணமாகத்தான் சொன்னாள். "முதல் வாரம் ஹாஸ்டல் இல்லன்னு சொன்னாங்க. சரி, ஒரு வாரம் கழிச்சுப் போவோம்னு இருந்தேன். அப்புறம் அட்டெண்டன்ஸ் போயிருக்குமேன்னு பயம். யாராவது ஒருத்தர் போன் பண்ணி வாடின்னு சொல்லியிருந்தா வந்திருப்பேன்டி." என்னைக் குறை சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

நான் வரலாற்று மாணவி. அந்த வாரம் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் எழுதிய 'ஜீவிய சரித்திரச் சுருக்கம்' என் பையில் இருந்தது. 1939-இல் வெளிவந்த சின்னப் புத்தகம். அதில் அவர் கோயம்புத்தூரில் படித்த காலத்தைச் சொல்கிறார். அங்கே சுமார் 400 மாணவர்கள். பத்துப் பேரைத் தவிர மற்ற எல்லோரும் பிராமணர்கள். தன் சாதி தெரிந்தால் இழிவாக நடத்துவார்களே என்று அஞ்சி, வகுப்பு தொடங்கும்வரை வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்த பிறகுதான் உள்ளே போவாராம். வகுப்பு முடிந்ததும் மற்ற மாணவர்கள் எட்டிப் பிடிக்காதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவாராம். பின்னால் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்தியவர், லண்டன் வட்டமேசை மாநாட்டில் பேசியவர், மாணவராக இருந்தபோது மணி அடிக்கும்வரை வெளியே நின்றார்.

அதைப் படித்தபோது எனக்கு என் இரண்டாம் வருடத்து முதல் நாள் ஞாபகம் வந்தது. புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், நல்ல மனிதர், "லீவுல எல்லாரும் என்னப்பா பண்ணீங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றார். ஒருத்தி ஊட்டி என்றாள். ஒருவன் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன் என்றான். ஒருத்தி கம்ப்யூட்டர் கிளாஸ் என்றாள். என் முறை வந்தது. "சித்தி வீட்டுக்குப் போனேன் சார்" என்றேன். எனக்குத் திருப்பூரில் சித்தியே கிடையாது.

ஏன் பொய் சொன்னேன்? வேலைக்குப் போனது கேவலம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் நிலம் இல்லையா? எந்த ஊர்? ஊருக்குள்ளயா, வெளியிலயா? எந்தத் தெரு? எங்கள் பக்கம் சாதியை யாரும் நேராகக் கேட்க மாட்டார்கள். தெருவைக் கேட்பார்கள். 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். ஜூலையில், அரசு விடுதிகள் எல்லாம் இனி 'சமூகநீதி விடுதிகள்' என்று அழைக்கப்படும் என்று அறிவித்தார். எனக்கு இரண்டுமே மகிழ்ச்சிதான். விடுதிப் பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும் என்று பஸ் ஸ்டாப்பில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தவர்களை எனக்குத் தெரியும். பலகையை மாற்றலாம். ஆனால் 'எந்தத் தெரு' என்று கேட்கிற வாய் அப்படியே இருக்கிறது.

இந்த வருடம் அதே ஆசிரியர் அதே கேள்வியைக் கேட்டார். நான் எழுந்து, "திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை பார்த்தேன் சார்" என்றேன். ஒரு நிமிடம் வகுப்பு அமைதியாக இருந்தது. பின்னால் ஒரு பையன், "நான் போர் வண்டியில போனேன் சார், ஆந்திரா" என்றான். இன்னொருத்தன் பெங்களூரில் பெயிண்டிங் வேலை என்றான். ஒரு பெண் பூ கட்டினேன் என்றாள். மூன்று வருடம் ஒன்றாக உட்கார்ந்திருந்தோம், எங்களில் பாதிப் பேர் விடுமுறையில் கூலிக்குப் போகிறவர்கள் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். போர் வண்டியில் போன பையன் எங்கள் சாதி கிடையாது. அவன் வீட்டுக் கஷ்டமும் என் வீட்டுக் கஷ்டமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரவும் பகலும் மண் தூசியில் நின்றவன் அவன். ஆனால் அவனிடம் யாரும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. அவன் வேலைக்குப் போனதைச் சொன்னால் "கஷ்டப்பட்டுப் படிக்கிறான்" என்று முதுகில் தட்டுவார்கள். நான் சொன்னால் என் தெருவைத் தேடுவார்கள். வறுமை எங்கள் இருவரையும் வேலைக்கு அனுப்பியது. சாதி என்னை மட்டும் பொய் சொல்ல வைத்தது. ஏழ்மைதான் பிரச்சினை, சாதியெல்லாம் இப்போது யார் பார்க்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அந்தப் பையனிடமும் இதைச் சொன்னேன். முதலில் கோபப்பட்டான். பிறகு யோசித்தான். இப்போது எங்களோடு வாசிப்பு வட்டத்துக்கு வருகிறான்.

அண்ணல் அம்பேத்கரை நாம் எப்போதும் பட்டங்களோடுதான் நினைக்கிறோம். படம் போட்டுக் கீழே எம்.ஏ., பிஎச்.டி., டி.எஸ்சி., பாரிஸ்டர் என்று எழுதுகிறோம். அவரும் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் போன மாணவர் என்பதை நாம் பேசுவதில்லை. 1913-இல் பரோடா மன்னர் உதவித்தொகையில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் போகிறார். 1916-இல் லண்டன். அங்கே படிப்பு பாதியில் இருக்கும்போதே உதவித்தொகைக் காலம் முடிந்துவிடுகிறது. 1917-இல் ஊர் திரும்ப வேண்டியதாகிறது. நான்கு வருடத்துக்குள் வந்து படிப்பைத் தொடரலாம் என்று லண்டனில் அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்புகிறார். அது முதல் உலகப் போர்க் காலம். அவர் புத்தகங்கள் வந்த கப்பல் தாக்கப்பட்டுக் கடலில் மூழ்கிவிடுகிறது.

பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தால் தங்குவதற்கு இடம் கிடைக்கவில்லை. சாதியை மறைத்து ஒரு பார்சி விடுதியில் தங்குகிறார். பதினோராம் நாள் தடிகளோடு ஆட்கள் வந்து வெளியேற்றுகிறார்கள். மும்பை சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் ஆகிறார். ஆசிரியர் அறைப் பானையில் அவர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சக பேராசிரியர்கள் சிலர் எதிர்க்கிறார்கள். வெளிநாட்டில் படித்து வந்தவரின் 'விடுமுறை' இப்படித்தான் இருந்தது. அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும், நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய கடனும் சேர்த்து, 1920-இல் மறுபடி லண்டன் போகிறார். 1923-இல் டி.எஸ்சி. முடிக்கிறார். மும்பையில் குடும்பத்தைத் தாங்கியவர் ரமாபாய் அம்மையார்.

இதில் எனக்குப் பிடித்தது அந்தப் பட்டங்கள் கிடையாது. அவர் மட்டும் தனியாகத் திரும்பிப் போகவில்லை என்பதுதான். ஒரு மன்னர், ஒரு நண்பர், ஒரு மனைவி, மூன்று பேர் பின்னால் நின்றார்கள். அம்பேத்கருக்கே ஒரு நவல் பதேனா தேவைப்பட்டார். நாம் மட்டும், "திறமை இருந்தால் எப்படியாவது வந்துவிடுவாள்" என்று நம் தோழியைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறோம்.

பெற்ற உதவியை அவர் மறக்கவும் இல்லை. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது, 1942-இல் பட்டியல் சாதியினரின் குறைகளை எழுதிக் கொடுத்துக் கல்விக்கு நிதி கேட்டார். இன்றைக்கு நாம் வாங்குகிற போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டம் 1944-இல் தொடங்கியது. 1946-இல் மும்பையில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். வேலைக்குப் போகிறவர்களும் படிக்கட்டும் என்று அங்கே அதிகாலையில் வகுப்புகள் நடந்தன. மாணவர் வாழ்க்கைக்குத் தகுந்தபடி மணி அடிக்கும் நேரத்தை மாற்ற முடியும் என்று அவர் காட்டினார். நம் கல்லூரிகள் விடுதி திறக்கும் தேதியைக்கூட மாற்ற மாட்டேன் என்கின்றன.

போன் பண்ணினால் போதுமா என்றால், போதாது. 2023-இல் நாங்குநேரியில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த மாணவர், உடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்களின் தொல்லை தாங்காமல் சில நாட்கள் பள்ளிக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று பள்ளியில் கேட்டார்கள். காரணத்தைச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் ஆகஸ்ட் 9 இரவு வீடு புகுந்து அவரையும் அவர் தங்கையையும் வெட்டினார்கள். 'ஏன் வரவில்லை' என்று கேட்கத் தெரிந்த நிறுவனத்துக்கு, பதிலைச் சொன்னவரைப் பாதுகாக்கத் தெரியவில்லை. அந்த மாணவர் மறுவருடம், சொல்வதை இன்னொருவர் எழுத, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தார். நாம் கைதட்டினோம். கைதட்ட வேண்டியதுதான். ஆனால் ஒரு மாணவர் வகுப்புக்குத் திரும்பி வர இவ்வளவு வீரம் தேவைப்படக் கூடாது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2024-இல் அரசிடம் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிறு முதல் பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி வரை அதில் பேசப்பட்டிருக்கிறது. அதை எல்லா மாணவர்களும் படிக்க வேண்டும்.

திருப்பூரில் அவளைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, இந்த ஜூனில் நான் ஒன்று செய்தேன். பெரிய வேலை எல்லாம் இல்லை. கல்லூரி திறந்த மூன்றாம் நாள், வருகைப் பதிவின்போது யார் பெயருக்குப் பதில் வரவில்லை என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். எங்கள் வகுப்பில் ஐந்து பேர். போர் வண்டிப் பையனும் நானும் சேர்ந்து ஐந்து பேருக்கும் போன் பண்ணினோம். ஒருத்திக்குக் காய்ச்சல், அடுத்த வாரம் வந்துவிட்டாள். ஒருவன் வருமானச் சான்றிதழ் வராமல் விடுதிக்கு விண்ணப்பிக்க முடியாமல் இருந்தான். அவனோடு தாலுகா ஆபீசுக்குப் போனோம். ஒருத்திக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அம்மாவிடம் எங்கள் ஆசிரியர், அந்த 'லீவுல என்ன பண்ணீங்க' ஆசிரியர்தான், அரை மணி நேரம் பேசினார். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வருகிற ஆயிரம் ரூபாய் நின்றுவிடும் என்றும் சொன்னார். அந்த அம்மா எதைக் கேட்டு மனம் மாறினாரோ தெரியாது, அவள் வருகிறாள். ஒருவன் எண் கிடைக்கவே இல்லை. ஐந்தாவது பையன், "வரலடா, விடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். ஐந்தில் மூன்று.

கையில் காசு இல்லாமல், பதவி இல்லாமல், இரண்டு பேர் ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தை வைத்துக்கொண்டு செய்தது இது. நிர்வாகம் செய்ய வேண்டிய வேலையை நாங்கள் செய்தோம் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் கேட்பதையும் நிறுத்தப் போவதில்லை. விடுதிகளைக் கல்லூரி திறப்பதற்கு முந்தின நாளே திறக்க வேண்டும். பழைய மாணவர்களுக்கு வருடா வருடம் புது விண்ணப்பம் எதற்கு? முதல் வாரம் வராதவர்கள் பட்டியலை ஒவ்வொரு துறையும் எடுத்து, வீட்டோடு பேச வேண்டும். மதிய உணவு வாங்கவே வரிசையில் நின்று பழகிய பிள்ளைகள் நாங்கள், காத்திருப்போம். ஆனால் பாதியில் நிற்பவர்கள் காத்திருக்க மாட்டார்கள், போய்விடுவார்கள்.

இங்கே வெவ்வேறு கல்லூரியிலிருந்து வந்திருக்கிறீர்கள். எல்லோருக்கும் நான் விடுதியில் தங்கும் கஷ்டம் இருக்காது. சில பேர் வீட்டிலிருந்தே வண்டியில் வருவீர்கள். அது தப்பில்லை. உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை கல்லூரி திறக்கும்போது உங்கள் வகுப்பில் யார் வரவில்லை என்று எண்ணுங்கள். முதல் வாரத்திலேயே எண்ணுங்கள், மாதக் கடைசியில் வேண்டாம். போன் பண்ணுங்கள். காரணம் சொன்னால் அதோடு விடாமல் கூடப் போய் நில்லுங்கள். வந்தவளிடம் எந்தத் தெரு என்று கேட்காதீர்கள். விட்டுப்போன பாடத்தின் நோட்டை நீட்டுங்கள். சாதி ஒழிப்பு என்று நாம் பேசுவது இதைவிடப் பெரியது என்று எனக்கும் தெரியும். ஆனால் வகுப்பில் இல்லாதவர்களை விட்டுவிட்டு நாம் யாரோடு சேர்ந்து அந்தப் பெரிய வேலையைச் செய்யப் போகிறோம்?

என் தோழிக்கு வருவோம். போன வாரம் கல்லூரி அலுவலகத்தில் விசாரித்தேன். நடுவில் நின்றவர்கள் பல்கலைக்கழக அனுமதியோடு மறுபடி சேர வழி இருக்கிறது, விண்ணப்பம் கொடுக்க வேண்டும் என்றார்கள். அன்று இரவே அவளுக்குப் போன் பண்ணினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "என்னைவிடச் சின்னப் பசங்களோட உட்காரணுமேடி" என்றாள். "உட்காரு, என்ன இப்ப?" என்றேன். "அந்தக் கல்வெட்டு நோட்டு உங்கிட்டதான இருக்கு?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. வருவாளா என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போன் பண்ணுவேன்.